புறக்கணித்தது யார்? தலைப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பத்திரிகைகளிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் டெஸ்க்கில் உட்கார்ந்து, வந்து விழும் செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நிருபர் எழுதியதற்கு நிருபரின் பெயர் இருக்கும். தலைப்பு எழுதியவர் பெயர் எங்கும் வராது. ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேர் படிப்பது தலைப்பைத்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தலைப்புகளில் சலிக்காமல் வந்துபோகும் ஒரு சொல் புறக்கணிப்பு. சாலை போடவில்லை என்று ஒரு கிராமம் ஓட்டுப் போடாமல் இருந்தால் 'தேர்தல் புறக்கணிப்பு'. வழக்கறிஞர்கள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் 'நீதிமன்றப் புறக்கணிப்பு'. ஒரு நடிகர் ஏதோ பேசிவிட்டார், அவர் படத்தைப் பார்க்கக் கூடாது என்று இணையத்தில் கூச்சல் கிளம்பினால் 'புறக்கணிக்க அழைப்பு'. அப்புறம், அதே பக்கத்தின் மூலையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர் வீட்டுக்குக் கடையில் அரிசி பருப்பு கொடுக்கக் கூடாது, அன்னந்தண்ணி புழங்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டிருக்கும். அதற்கும் தலைப்பு 'குடும்பம் புறக்கணிப்பு'.

முதல் மூன்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். நாலாவது செய்திக்கு அந்தச் சொல்லைப் போட்டதில்தான் எனக்கு வழக்கு. ஆங்கிலத்தில் 'பாய்காட்' என்ற வினைச்சொல்லைத்தான் நாம் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறோம். அது எங்கே, யார் கையில், யாருக்கு எதிராகப் பிறந்தது என்று பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். கொஞ்சம் நீளமான கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ என்று ஒரு மாவட்டம். 1879-ல் அங்கே விளைச்சல் படுத்துவிட்டது. குத்தகைதாரர்களால் வாரம், அதாவது நிலக் குத்தகைப் பணம், கட்ட முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் குத்தகைதாரர்களுக்காகப் போராட ஐரிஷ் தேசிய நில லீக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் டாவிட். அவரே மேயோக்காரர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் குடும்பத்தைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள்.

அதே மாவட்டத்தில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில், பாலின்ரோப் ஊருக்குப் பக்கத்தில், எர்ன் பிரபு என்பவருக்கு நிலம் இருந்தது. பிரபு தூரத்தில், வடக்கே ஃபெர்மனா மாவட்டத்துக் கோட்டையில் இருந்தார். இங்கே வாரம் வசூலித்தவர் அவருடைய ஏஜென்ட் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர், பட்டாளத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், ஊரார் வாயில் 'கேப்டன்'. அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் 'பாய்கேட்' என்றுதான் இருந்தது. பிற்பாடுதான் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் இன்று உலகமே வேறு மாதிரி உச்சரித்துக்கொண்டிருக்கும்.

1880-ல் குத்தகைதாரர்கள் வாரத்தில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பர் 19 அன்று என்னிஸ் ஊரில் நடந்த பொதுக்கூட்டத்தில் நில லீக்கின் தலைவர் பார்னெல் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் போய் எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள்? சுட வேண்டும் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல். தெருவில் பார்த்தால் பேசாதீர்கள், கடையில் பேசாதீர்கள், சந்தையில் பேசாதீர்கள், கோயிலில்கூடப் பேசாதீர்கள். அந்தக் காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல் ஒதுக்கிவிடுங்கள் என்றார்.

இந்த உவமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22-ல், வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஒரு கோர்ட் சேவகர் போலீஸ் காவலோடு லாக் மாஸ்க் நிலங்களுக்கு வந்தார். சில வீடுகளில் கொடுத்தும்விட்டார். ஃபிட்ஸ்மாரிஸ் என்ற குடும்பத்து அம்மாள் வாங்க மறுத்து, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியட்டும் என்று சிவப்புத் துணியை எடுத்து வீசினார். பெண்கள் திரண்டார்கள். கல், சேறு, சாணம் எல்லாம் பறந்தன. சேவகர் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்.

அடுத்த நாள் ஊர் திரண்டு வந்தது. பாய்காட்டின் வீட்டு வேலையாட்களும் வயல் கூலிகளும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கொல்லன் லாடம் அடிக்க மாட்டேன் என்றார். சலவைக்காரி துணி எடுக்க மாட்டேன் என்றார். பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். தபால் கொண்டுவந்த பையனையும் மிரட்டி நிறுத்தினார்கள். இதையெல்லாம் விவரித்து பாய்காட் எழுதிய கடிதம் அக்டோபர் 18-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்தது. வயலில் டர்னிப்பும் உருளையும் அறுவடைக்கு ஆள் இல்லாமல் நின்றன.

உடனே அவருக்கு உதவி திரண்டது. பணம் வசூலித்தார்கள். வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து அரசு விசுவாசிகளான புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் 50 பேரை அறுவடைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் காவலாக வந்த ராணுவமும் போலீசும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் பேர். ரயிலடியில் இறங்கியவர்களுக்கு வண்டி கொடுக்க ஆள் இல்லாமல் பாலின்ரோப் வரை நடந்தே வந்தார்கள். சண்டை மூளும் என்று பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வந்து காத்திருந்தார்கள். உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார். வழியில் ஒரே ஒரு கிழவி நின்றாராம். 'பிரிட்டிஷ் ராணுவத்தைப் பயமுறுத்தாதே என்று உன்னிடம் சொன்னேனே' என்று பாதிரியார் அவரைக் கடிந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த ஊரின் குசும்பு அதில் அப்படியே இருக்கிறது.

சுமார் 500 பவுன் பெறுமான பயிரை அறுக்க ஆன செலவு 10,000 பவுன் என்று கணக்கு. நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியபோது வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போனார்கள். டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே குத்தகைதாரர்களுக்குச் சாதகமான புது நிலச் சட்டம் வந்தது. பாய்காட்டும் திரும்பி வந்து 1886 வரை அங்கேதான் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சொல் பிறந்தது இந்த அமளிக்கு நடுவில்தான். ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஓமாலி பாதிரியாரோடு உட்கார்ந்திருந்தபோது, ஊர் விலக்கம் என்ற பொருளில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த கிரேக்கச் சொல் இந்தக் குடியானவர்களுக்குப் புரியாதே என்று யோசித்திருக்கிறார். பாதிரியார் நெற்றியைத் தட்டி, 'அவரை பாய்காட் பண்ணுவது என்று சொன்னால் என்ன?' என்றாராம். ரெட்பாத் எழுதி வைத்திருப்பது இது. ஒரு மனிதரின் பெயர் சில வாரங்களுக்குள் வினைச்சொல்லாகிவிட்டது. நவம்பரில் 'டைம்ஸ்' பத்திரிகையே அதை வினையாகப் போட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று எல்லா மொழியும் அப்படியே எடுத்துக்கொண்டன. நிலத்துக்குச் சொந்தக்காரரான எர்ன் பிரபுவின் பெயர் மட்டும் சுத்தமாகத் தப்பித்துவிட்டது. ஏஜென்டுகளின் தலையெழுத்து எல்லா ஊரிலும் அப்படித்தான்போல.

இப்போது பார்னெலின் உவமைக்கு வருகிறேன். தொழுநோயாளியை ஊர் ஒதுக்கியது என்றால், பலமுள்ள பலபேர் பலமில்லாத ஒருவரை ஒதுக்கினார்கள் என்று அர்த்தம். அது மனிதர் கூட்டமாக வாழத் தொடங்கிய நாளிலிருந்தே நடப்பது. அதற்குப் புதிதாகச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. மேயோவில் நடந்தது அதன் தலைகீழ். யாரை வேண்டுமானாலும் வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரம் உள்ளவரை, வெளியேற்றப்பட இருந்தவர்கள் ஒதுக்கினார்கள். கையில் உழைப்பைத் தவிர எதுவும் இல்லாதவர்கள் அந்த உழைப்பைத் தர மறுத்தார்கள். புதுச் சொல் இவ்வளவு வேகமாக ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மேயோக்காரர்கள் சாதுக்கள் என்று சொல்ல வரவில்லை. சாணியடித்தார்கள், தபால் பையனை மிரட்டினார்கள். கடைக்காரர்களில் எத்தனை பேர் மனசார மறுத்தார்கள், எத்தனை பேர் ஊருக்குப் பயந்து மறுத்தார்கள் என்று யார் கண்டது? ஆனாலும் பாய்காட்டுக்குப் போக வேறு இடம் இருந்தது. எழுத ஒரு பத்திரிகை, அனுப்ப ஒரு ராணுவம், வசூலிக்க ஒரு நிதி எல்லாம் இருந்தன.

அதே அயர்லாந்தில் 24 ஆண்டு கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 1904 ஜனவரியில் லிமெரிக் நகரில் ஜான் கிரீ என்ற பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து யூதர்களைத் திட்டினார், அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள் என்றார். அந்த ஊரில் இருந்த யூதக் குடும்பங்கள் ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் வீடு வீடாகப் போய்த் தவணைக்குச் சாமான் விற்ற சிறு வியாபாரிகள். அவர்களிடம் வாங்குவதை ஊர் நிறுத்தியது. வாங்கியதற்குப் பணம் கொடுப்பதையும் நிறுத்தியது. பல குடும்பங்கள் ஊரை விட்டே போயின. பத்திரிகைகள் அதையும் பாய்காட் என்றே எழுதின. அதை முதலில் கண்டித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நில லீக்கைத் தொடங்கிய அதே மைக்கேல் டாவிட். அந்த ஆயுதத்தின் கூரும் பிடியும் எந்தப் பக்கம் என்று தெரிந்த மனிதர் அவர். 1933 ஏப்ரல் 1-ல் ஜெர்மனியில் யூதர் கடை வாசல்களில் நாஜிகள் ஆள் நிறுத்தியதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அரசாங்கத்தைக் கையில் வைத்திருந்த கட்சி, ஒரு சிறுபான்மைக்கு எதிராக!

நம் பக்கம் வருவோம். 1905 ஆகஸ்ட் 7-ல் கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு எதிரான தீர்மானம் நிறைவேறிய பிறகு அந்தச் சொல் இந்தியா முழுக்கப் பரவியது. தமிழில் 'பகிஷ்காரம்' ஆனது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்த நாட்களில் சவரத் தொழிலாளிகளும் சலவைத் தொழிலாளிகளும் வெள்ளையருக்கும் அவர்களுடைய ஆதரவாளர்களுக்கும் வேலை செய்ய மறுத்ததைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்து போன கதையும் அங்கே சொல்வதுதான். பாலின்ரோப் கொல்லனும் தூத்துக்குடி நாவிதரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதில்லை. இருவரும் செய்தது ஒரே வேலை. 1928-ல் சைமன் கமிஷன், 1931-ல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அழைத்து வடக்கின் தொகுதிகள் ஆளில்லாமல் போன இலங்கைத் தேர்தல், இவையெல்லாம் பகிஷ்காரம்தான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றும் வேலைநிறுத்தத்துக்குப் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்றுதான் போடுகிறார்கள். இந்தப் பக்கம் நாம் அதைப் புறக்கணிப்பு ஆக்கிக்கொண்டோம்.

ஆனால் அதே பகிஷ்காரம் மராத்தியில் வேறொரு காரியத்துக்கும் பெயர். ஒதுக்கப்பட்டவர்களுக்காக அம்பேத்கர் 1924-ல் தொடங்கிய சபையின் பெயர் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா'. 1927-ல் தொடங்கிய பத்திரிகை 'பகிஷ்கிருத பாரத்'. உரிமை கேட்கிற தீண்டாதாரைச் சாதி இந்துக்கள் அடக்குவதற்கு வைத்திருக்கும் பெரிய ஆயுதம் அடிதடியைவிட ஊர் விலக்கம்தான் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். கூலி வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, நடக்கப் பாதை இல்லை. அவ்வளவுதான், குடும்பம் மண்டியிட்டுவிடும்.

வட்டமேசை மாநாட்டில் சிறுபான்மையினர் குழுவிடம் அம்பேத்கரும் நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொடுத்தார்கள். பாய்காட்டைக் குற்றமாக்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. அதற்கான சட்ட வாசகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். 1922-ம் ஆண்டின் பர்மா பாய்காட் எதிர்ப்புச் சட்டத்திலிருந்து, சிறு மாற்றங்களோடு அப்படியே எடுத்தார்கள். பர்மாவில் அந்தச் சட்டத்தைப் போட்டது வெள்ளைக்கார அரசு, தன்னை எதிர்த்தவர்களை அடக்க. ஆள்கிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எழுதிய வாசகத்தை எடுத்து, ஊரின் கடைக்கோடியில் இருப்பவர்களைக் காக்கப் போட்டார்கள் இருவரும்.

அன்று அந்தக் கோரிக்கை காகிதத்திலேயே நின்றது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு இரண்டையும் அது வரையறுத்துக் குற்றமாக்கியிருக்கிறது. தொழில் நடத்த மறுப்பது, கூலிக்கு வைக்க மறுப்பது, வழக்கமாகக் கிடைக்கும் சேவையை மறுப்பது, மற்றவர்களிடமிருந்து தனிமைப்படுத்துவது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை. மகாராஷ்டிரம் தனியாகவே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. வரையறையை மட்டும் படித்தால் லாக் மாஸ்க்கில் நடந்ததன் பட்டியல் மாதிரியே இருக்கும். செய்தவர் யார், பட்டவர் யார் என்று பார்த்தால்தான் இரண்டும் வேறு என்று தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைப் பார்க்கிறது. பட்டவர் யார் என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது. நம் தலைப்புகள் பார்ப்பதில்லை.

தமிழில் இதை இன்னும் மோசமாக்குவது நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் குணம். 'என் பேச்சைப் புறக்கணித்துவிட்டார்' என்றால் கண்டுகொள்ளவில்லை, மதிக்கவில்லை, அவ்வளவுதான். பாய்காட் என்பது கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல, கூடிப் பேசி முடிவெடுத்து, நினைத்து நினைத்து மறுப்பது. ஓட்டுப் போடாத கிராமத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டால் வாசகர் பழக்கத்தால் சரியாகப் புரிந்துகொள்கிறார். 'குடும்பம் புறக்கணிப்பு' என்றால் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லைபோல என்று தோன்றுகிறது. கடை மூடிய கதை, குழாயடியில் விரட்டிய கதை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் சாதுவாகப் படுத்துக்கொள்கின்றன. இத்தனைக்கும் இதற்கென்று நம்மிடம் பச்சைச் சொற்கள் இருக்கின்றன. ஊர் விலக்கு, தள்ளி வைப்பது, ஒதுக்கி வைப்பது. கிராமத்தில் யாரும் 'எங்களைப் புறக்கணித்துவிட்டார்கள்' என்று புகார் சொல்வதில்லை. 'ஒதுக்கி வெச்சிட்டாங்க' என்றுதான் அழுகிறார்கள். நிருபரின் காதில் அப்படித்தான் விழுகிறது. உங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் அது இஸ்திரி போட்டுக்கொள்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் எழுவாயைத் தேடுங்கள். 'புறக்கணிக்கப்பட்ட குடும்பம்' என்ற செயப்பாட்டுவினையில் செய்தவர் காணாமல் போகிறார். 'ஊர்க்கூட்டம் தீர்மானம்: தலித் குடும்பத்துக்கு அரிசி, பால் கிடையாது' என்று போட்டால் எழுத்து நாலைந்து கூடும், ஆனால் யார் எதைச் செய்தார்கள் என்று தெரியும். 'ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதால்' என்று செய்தியின் முதல் வரியிலேயே காரணம் எழுதாதீர்கள். அது ஒதுக்கியவர்களின் வாக்குமூலம், மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டியது. இரு தரப்பு மோதல் என்ற அடைமொழியும் வேண்டாம். ஒரு பக்கம் ஊரே இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரு வீடு.

'யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது என்பது அவரவர் இஷ்டம்தானே' என்று கேட்கிற சக ஊழியர் உங்கள் அறையிலேயே இருப்பார். வாங்காமல் இருப்பது இஷ்டம்தான், சந்தேகமில்லை. ஊரில் இருப்பது ஒரே கடை, ஒரே பால் சொசைட்டி என்றால், மறுக்கப்பட்டவர் வேறு எங்கே போவார் என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். வேறு வழி இருந்தால் அது பாய்காட்டோ, சும்மா கோபமோ. வழியே இல்லை என்றால் அது பட்டினி போடுவது.

வழக்கறிஞர்கள் கதை இதில் நடுவில் நிற்கிறது. வேலைநிறுத்தம் செய்யவோ நீதிமன்றத்தைப் புறக்கணிக்க அழைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்தாவுக்காக ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து திரும்பிப் போகிறவரை யார் புறக்கணித்தார்கள் என்று அந்தத் தலைப்புகளும் சொல்வதில்லை. சினிமா ஹேஷ்டேக் விவகாரத்துக்கு 'புறக்கணிக்க அழைப்பு' என்றே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அழைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

உங்கள் அலுவலகத்தில் சொற்கையேடு என்று ஒன்று இருந்தால், 'சோஷியல் பாய்காட்' என்பதற்கு நேரே 'சமூகப் புறக்கணிப்பு' என்றுதான் இருக்கும். சட்டத்தின் பெயராக வரும் இடத்தில் அது இருக்கட்டும். தலைப்பிலும் முதல் பத்தியிலும் 'ஊர் விலக்கு' என்று அதன் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைத் தினமும் படிக்கும் ஒரு வாசகன்